கறுப்புக் காரில் கீறல்கள்

காலை வெயில் பானட்டில் விழுந்ததும் கீறல்கள் தெரிந்தன. கறுப்புப் பெயிண்ட்டில் சிலந்தி வலை மாதிரி வட்ட வட்டமாக. வாரம் இரண்டு தடவை மாமனார் முகமது பாரூக்கை டயாலிசிஸுக்குக் கூட்டிப்போகும் அவசரத்தில், தூசியோடு கிடந்த துணியால் ஹஸ்ஸான் அவருடைய காரைத் துடைத்த துடைப்பு அது.

"வண்டி கெட்டுப்போச்சே மாப்ளே," என்று போன வாரம் மாமனார் சொன்னார். அவ்வளவுதான் சொன்னார். அன்றே ஹஸ்ஸான் அந்தத் துணியைக் குப்பையில் போட்டான்.

மனைவி ஹுஸ்னா அவருக்கு ஒரே பெண். அவளுடைய அத்தாவுக்குக் கிட்னி போனதும், ஹஸ்ஸான் தன் ஆம்பூர் ஷூ கம்பெனி வேலையை விட, ஒரு வருஷம் பார்ப்போமென்று இருவரும் அவர் ஊரான பேகம்பூருக்கு வந்தார்கள். ஆறு வருஷம் ஓடிவிட்டது. நாலு நாளைக்கு முன் பழைய மேனேஜர் கூப்பிட்டார். ஒன்றாம் தேதி வந்து சேரச் சொன்னார். ஹுஸ்னாவிடம் மட்டும் சொல்லியிருந்தான். காரைச் சரிபண்ணிய கையோடு மாமாவிடமும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தான்.

பாலிஷ் மெஷினை ஒர்க்‌ஷாப் ஜெரோமிடம் வாங்கி வந்தான். "இந்தப் பெயிண்ட்டு கல்லு மாதிரி. லேசுல மசியாது. ஓரத்துல மட்டும் அழுத்திராதீங்க," என்று ஜெரோம் எச்சரித்திருந்தான்.

மெத்தென்ற ஸ்பாஞ்சை மெஷினில் மாட்டி அரைமணி நேரம் ஓட்டியும் ஒரு கோடுகூட அசையவில்லை. பிறகு பானட்டில் டேப் ஒட்டி ஒரு சதுரம் கட்டி, முரட்டு ஸ்பாஞ்சில் காம்பவுண்ட் என்கிற தேய்ப்புப் பசையைத் தடவி, மெதுவாக நாலு தடவை ஓட்டித் துடைத்தான். மேலே போகும் கரண்ட் கம்பி அந்தச் சதுரத்துக்குள் துல்லியமாகத் தெரிந்தது. சிரித்துக்கொண்டே டேப்பை உரித்தான். அதுவரை சுமாராக இருந்த மிச்ச வண்டி, அந்தச் சதுரத்துக்குப் பக்கத்தில் சகிக்க முடியாததாகிவிட்டது. இனி பாதியில் விட முடியாது.

பாரூக் சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

"முழுசா பண்ணிருங்க மாப்ளே. வர்ற வாரமே வண்டிய உங்க பேருக்கு மாத்திருவோம்."

ஹஸ்ஸான் மெஷினைக் கீழே வைத்தான். இப்போது விட்டால் எப்போதும் சொல்ல முடியாது.

"மாமா, ஆம்பூர்ல திரும்பக் கூப்பிடுறாங்க. ஒண்ணாந்தேதி."

பாரூக் நாற்காலியில் உட்கார்ந்தார். "போங்க. நல்ல கம்பெனி. திங்களும் வியாழனும் ஆட்டோல போய்க்கிறேன்."

குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் போயிருக்கலாம் என்று ஹஸ்ஸானுக்குத் தோன்றியது. ஹுஸ்னா டீயோடு வாசலில் வந்து நின்றாள். போன மாதம் ஒரே ஒரு நாள் ஆட்டோவில் வந்தபோது அத்தா மயங்கிச் சரிந்ததை மூவருமே மறக்கவில்லை.

"போகல மாமா. கேட்டாங்கன்னு சொன்னேன்."

பாரூக் தலையை ஆட்டினார். "கதவெல்லாம் இன்னைக்கே முடிஞ்சிருமா?" என்று கேட்டார்.

"முடிச்சிரலாம் மாமா."

அவர் உள்ளே போனதும் மேனேஜருக்கு இரண்டு வரி அனுப்பினான். சாயங்காலம் அசர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும்போது பதில் வந்தது. 'சரி, வேறு ஆள் பார்க்கிறோம்.'

"அனுப்பிட்டீங்களா மச்சான்?" என்று ஹுஸ்னா பக்கத்தில் வந்து கேட்டாள்.

"ம்."

அவன் கையைப் பிடித்தாள். அவள் விட்டதும், டேப்பைக் கிழித்துப் பின்கதவில் ஒட்டினான்.