அந்தோனியாரின் வெறுங்கை

1950ஆம் ஆண்டு தவக்காலத்தின் முதல் செவ்வாயிலிருந்து எங்கள் கோவிலின் அந்தோனியார் சுரூபம் கடலுக்குப் போய்வர ஆரம்பித்தது. போவதை யாரும் பார்த்ததில்லை. மதியம் கோவிலைப் பூட்டிவிட்டு மாலைச் செபமாலைக்குத் திறந்தால் மாடத்தில் பழையபடி நிற்பார். ஆனால் அங்கி முழங்கால்வரை நனைந்திருக்கும், மரத்தாலான கால்விரல்களின் இடுக்கில் பாசி ஒட்டியிருக்கும். கூரை ஒழுகுகிறது என்றார் பெல்மீரோ சாமியார். ஒழுகுகிற தண்ணீர் உப்புக் கரிக்குமா என்று பெண்கள் கேட்டதும் பேச்சை மாற்றிக்கொண்டார்.

காரணம் ஊருக்கே தெரியும். சாம்பல் புதனுக்கு மறுநாள் மத்தி பிடிக்கப் போன செஃபெரீனோ திரும்பவில்லை. படகின் பலகைகூடக் கரை சேரவில்லை. அவன் மனைவி தெயோலிண்டா மூன்று நாள் மெழுகுவர்த்தி ஏற்றிப் பார்த்தாள். நான்காம் நாள், போர்த்துகல்லில் எங்கள் கரைப் பெண்கள் பொறுமை இழந்தால் செய்வதைச் செய்தாள்: அந்தோனியாரின் கையிலிருந்த பாலன் இயேசுவைப் பிடுங்கிக்கொண்டு வந்து, வீட்டுச் சோள மாவுப் பெட்டிக்குள் ஒளித்து வைத்தாள். தொலைந்ததைத் தேடித் தருகிறவரிடம் அவருடைய பிள்ளையையே தொலைத்துவிட்டால் வேலை நடக்கும் என்பது எங்கள் கணக்கு. தொலைந்த வெள்ளாட்டுக்கும் ஓடிப்போன காதலனுக்கும் இதைச் செய்திருக்கிறோம். கடல் கொண்டுபோனவனுக்காக இதுவரை யாரும் செய்ததில்லை.

சாமியார் அவள் வீட்டுக்கே போனார். "புனிதரை மிரட்டுறது பாவம் தெயோலிண்டா."

"நான் மிரட்டல சாமி. அவரு புள்ளைய நான் வச்சிருக்கேன், எம் புருஷனை அவரு வச்சிருக்காரு. யாரு மொதல்ல தர்றதுங்கறதுதான் பேச்சு."

அந்தோனியார் ஒழுங்கானவர், பழைய விண்ணப்பத்தை முதலில் முடித்துவிட்டுத்தான் புதியதைத் தொடுவார். செவ்வாய்தோறும் அவர் காலடியில் ஒரு பொருள் இருந்தது. வெள்ளத்தில் போன கோவில் சாவி வந்தது. ஒரு நங்கூரம் வந்தது. சாமியாரின் மூக்குக்கண்ணாடி வந்ததும் அவர் பாவத்தைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டார். தெயோலிண்டா மட்டும் ஒவ்வொரு செவ்வாயும் வாசலில் நின்று பார்த்துவிட்டு, வெறுங்கையோடு வீட்டுக்குப் போய், செஃபெரீனோவின் கம்பளிக் காலுறைகளைத் தைத்துக்கொண்டிருந்தாள். அவனுக்கு இடது பெருவிரல் எப்போதும் காலுறையைக் கிழித்துவிடும்.

ஈஸ்டர் முடிந்த செவ்வாயன்று பொருள்கள் தீர்ந்து ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். முதலில் வந்தவன் எர்மெலிண்டாவின் கணவன் ஜசீந்தோ. கடலுக்குப் போய்ப் பத்தொன்பது வருடம் ஆகியிருந்தது. போன வயதிலேயே, இருபத்து நான்கிலேயே, கோவில் பெஞ்சில் நீர் சொட்ட உட்கார்ந்திருந்தான். எர்மெலிண்டா அலறிக்கொண்டு ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள். பிறகு வாரத்துக்கு ஒருவர் என்று, மூழ்கிய வரிசைப்படி வந்தார்கள். ஜூன் ஆறாம் தேதிக்குள் ஒன்பது பேர். பத்தாவது, கடைசியாகப் போன செஃபெரீனோ. அவன் முறை ஜூன் பதின்மூன்று, அந்தோனியார் திருநாள்.

வந்தவர்கள் சாப்பிடவில்லை. அவர்கள் உடைகள் அடுப்பருகிலும் உலரவில்லை. ஆளுக்கு ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டார்கள். பகலெல்லாம் கரையில் வரிசையாக நின்று தண்ணீரையே பார்த்தார்கள். எங்களுக்குப் பயமாக இருந்தது, சொல்வதில் என்ன வெட்கம்? குழந்தைகளை அந்தப் பக்கம் விடாமல் கதவைச் சாத்திக்கொண்டோம்.

திருநாளுக்கு முந்தைய மாலை எர்மெலிண்டா தெயோலிண்டாவின் வீட்டுக்கு வந்தாள்.

"அவன் என்ன கேட்டான்னு நான் யாருக்கும் சொல்லல. உனக்குச் சொல்றேன். என் மூஞ்சிய உத்துப் பாத்துட்டு, 'அம்மா, எர்மெலிண்டா எங்க?'ன்னு கேட்டான்டி."

"நீ என்னக்கா சொன்ன?"

"வந்துருவாப்பா, இருன்னு சொன்னேன். வேற என்னத்தச் சொல்ல?"

"எம்புருஷன் போயி நாலு மாசம்கூட ஆவல. என்னை அடையாளம் தெரியும்க்கா."

"தெரியும்டி. உன்னைத் தெரியும். அவன்தான் இங்க இருக்க மாட்டான். ஜசீந்தோ என் வீட்டுலதான் இருக்கான், ஆனா பொண்டாட்டி இன்னும் வரலன்னு கடலப் பாத்துட்டு நிக்கிறான்."

மறுநாள் காலை தேர்ப்பவனிக்கு முன்பே தெயோலிண்டா கோவிலுக்கு வந்துவிட்டாள். மாவு படிந்த பாலனைச் சால்வை முனையில் துடைத்தாள். ஒரு மதியம் பொறுத்திருந்தால் புருஷன் வந்திருப்பான். அதைத் தெரிந்துகொண்டேதான் வந்திருந்தாள். அந்தோனியாரின் வெறுங்கை மூன்றரை மாதமும் மடங்கியபடியே காத்திருந்தது. பாலனை அதில் வைத்தாள்.

"இந்தாங்க உங்க புள்ள. எம்புருஷனை அங்கயே விட்டுருங்க. காலு மட்டும் நனையாம பாத்துக்குங்க. அவருக்குச் சட்டுனு சளி புடிக்கும்."

அன்று பவனி கரைக்கு வந்தபோது ஒன்பது பேரும் அந்தோனியாருக்குப் பின்னால் வரிசையாக நடந்தார்கள். பவனி கோவிலுக்குத் திரும்பியது. அவர்கள் திரும்பாமல் நேரே தண்ணீருக்குள் போனார்கள். யாரும் ஒப்பாரி வைக்கவில்லை. எர்மெலிண்டா மட்டும் இடுப்பளவு தண்ணீர்வரை கூடப் போனாள். "எர்மெலிண்டா வந்தா அனுப்பி வைக்கிறேன்," என்று அவனிடம் சொல்லிவிட்டுத் திரும்பி வந்தாள்.

அதற்குப் பிறகும் அந்தோனியாரின் அங்கி செவ்வாய்தோறும் நனைகிறது. இப்போது யாரும் அவரை வற்புறுத்துவதில்லை. பாலனையும் தூக்கிக்கொண்டு தாமாகவே போய்வருகிறார். அதனால் தெயோலிண்டா மதியம் கோவிலைப் பூட்டுவதற்கு முன் அவர் கையில் பாலனுக்குப் பக்கத்தில் உலர்ந்த காலுறை ஒரு ஜோடி வைப்பாள். மாலையில் திறந்தால் அந்த இடத்தில் போன வாரத்து ஜோடி இருக்கும், ஈரமாக, இடது பெருவிரல் கிழிந்து. அவள் அதை வீட்டுக்குக் கொண்டுபோய் அலசி, அடுப்பருகில் காயவைத்து, தைத்து, அடுத்த செவ்வாய்க்கு எடுத்து வைப்பாள்.