ஒரு கையெழுத்து குறைகிறது

தளிப் பக்கத்தில் இருக்கும் அந்தக் கிராமத்தில் சுதந்திர தினத்தன்று கிராம சபை கூடுவது வழக்கம். ஆள் சேர்வதுதான் வழக்கமில்லை. இந்த வருடம் சேர்த்தே தீருவது என்று லிபியா ஒற்றைக் காலில் நின்றாள். முக்கால் ஏக்கரில் ரோஜா போட்டிருப்பவள். மார்ச் மாத வெயிலில் மொட்டெல்லாம் கருகிப்போனதைப் பார்த்து வரப்பிலேயே உட்கார்ந்து அழுதவள்.

புதிய சூரிய மின் கொள்கைக்கு அரசு கருத்துக் கேட்டிருந்தது. மாதக் கடைசிக்குள் சென்னைக்குப் போய்ச் சேர வேண்டும். பூ விவசாயிகள் ஒன்றுசேர்ந்து சோலார் போட்டு, பூ வைக்கும் குளிர் அறையை அதிலேயே ஓட்டிக்கொள்ளக் கொள்கையில் இடம் வேண்டும். அதுதான் அவள் கொண்டுவந்த தீர்மானம். அது செல்லுபடியாக வேண்டுமானால் நூறு பேராவது வந்து வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும்.

பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருந்தபோது ஊராட்சிச் செயலர் முனிவேல் வருகைப் பதிவேட்டை இரண்டாம் முறை எண்ணி முடித்தார்.

“தொண்ணூத்தொம்போதும்மா. பன்னெண்டு ஆச்சுன்னா ஒத்திவெச்சே ஆகணும். நான் என்ன பண்ணட்டும்?”

பூப்பறித்துக்கொண்டிருந்த பெண்களைக்கூட லிபியா கூடையோடு இழுத்து வந்திருந்தாள். டீக்கடைக்காரர்கூடக் கடையை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருந்தார். மற்றவர்கள் பூ வண்டியோடு ஓசூருக்குப் போயாயிற்று. ஊரில் பாக்கி தங்கதுரை ஒருவன்தான். ஜெனரேட்டர் வாடகைக்கு விடுகிறவன். கரண்ட் போனால் குளிர் அறைக்கு அவன் டீசல்தான் கதி. அவன் ஏன் வருவான்? “நான் வராட்டி கூட்டமே தன்னால கலைஞ்சுரும்” என்று எல்லோர் காதிலும் விழச் சொல்லிவிட்டு, எதிரே ஆளில்லாத டீக்கடையில் தானே டீ ஊற்றிக்கொண்டு கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தான்.

பூக்கட்டிக்கொண்டிருந்த நஞ்சம்மா தலையைத் தூக்கினாள். “மைக்கப் பிடிடீ. யாராச்சும் ஒண்ணு சொன்னா அவனால பதில் சொல்லாம இருக்க முடியாது. பர்த்தானே, நோடு! வரானா இல்லையான்னு பாரு!”

லிபியா மைக்கைப் பிடித்தாள். “தங்கதுரை அண்ணன் மேல எனக்குக் கோவம் இல்ல. ஆனா போன மாசம் அவரு ஜெனரேட்டர் ரெண்டு மணி நேரம் ஸ்டார்ட் ஆகல. எங்க பூ அத்தனையும் வாடிப்போச்சு. இல்லைன்னு வந்து சொல்லட்டும்!”

டீ கிளாஸ் ணங்கென்று பெஞ்சில் உட்கார்ந்தது.

“ரெண்டு மணி நேரமா? யாரு சொன்னது? முக்கா மணி நேரம்தான்!” வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தங்கதுரை ரோட்டைத் தாண்டி வந்தான். “குடு அந்த மைக்கை!”

“பேசணும்னா மொதல்ல கையெழுத்துங்க” என்று முனிவேல் முகத்தில் எதையும் காட்டாமல் பதிவேட்டை நீட்டினார். வந்த கோபத்தில் தாள் கிழிகிற மாதிரி கையெழுத்துப் போட்டான்.

“நூறு!”

கூட்டம் துள்ளி எழுந்தது. விசில் பறந்தது. நஞ்சம்மா ஒரு கை ரோஜாவை அள்ளி அவன் தலையிலேயே போட்டாள். லிபியாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. பேனாவோடு நின்ற தங்கதுரைக்கு விஷயம் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது.

புரிந்தபின் விட்டானா? பத்து நிமிடம் தீர்மானத்தைக் கிழிகிழியென்று கிழித்தான். மைக் ஒயரை அவனுக்கு வாகாகப் பிடித்துக்கொண்டு லிபியா பக்கத்திலேயே நின்றாள். பிறகு கை தூக்கச் சொன்னார்கள். ஆதரவு தொண்ணூற்றொன்பது.

“எதுப்பு ஒண்ணுன்னு எழுதுய்யா!” என்று தங்கதுரை கத்தினான்.

“நல்லா பெருசா எழுதுங்க சார்,” என்றாள் லிபியா. “அந்த ஒண்ணு வராம இருந்திருந்தா, எங்க தொண்ணூத்தொம்போது சென்னைக்குப் போயிருக்காது.”