படகை நிறுத்தியது யார்

எங்கள் கல்லூரிப் பத்திரிகையில் யாருக்கும் ஆசிரியரைக் கண்டு பயமில்லை. லூப்பேயைக் கண்டுதான் பயம். இதழியல் படிக்கும் மாணவர்கள் எழுதுகிற ஒவ்வொரு வரியும் அவளுடைய சிவப்புப் பேனாவைத் தாண்டித்தான் அச்சுக்குப் போகும். அவளும் மாணவிதான். பக்கங்களை வடிவமைக்கும் என் மேசை அவள் மேசைக்குப் பக்கத்தில் இருந்ததால், அங்கே நடக்கும் சண்டைகள் எல்லாம் என் காதில் விழும்.

சுதந்திர தின நீள்படகுப் பந்தயம் முடிந்த வாரம், இதழியல் மாணவன் செமு தன் அப்பாவைப் பற்றி ஒரு கட்டுரை கொண்டுவந்தான். அவர் பெயர் அலெக்கி. ஊர்ப் படகின் தலைவர், சுக்கான் பிடிப்பவரும் அவரே. பந்தயத்தில் அவர்கள் இரண்டாவதாகப் போய்க்கொண்டிருந்தபோது, பின்னால் வந்த படகு ஒன்றில் அலை ஏறி, ஆட்கள் தண்ணீரில் விழுந்தார்கள். அலெக்கியின் படகு திரும்பிப் போய் அவர்களை ஏற்றிக்கொண்டு கடைசியாகக் கரை சேர்ந்தது. தலைநகர் ஆப்பியா முழுக்க அதுதான் பேச்சு.

எங்கள் தீவு மொழியில் இருந்த தலைப்பிலேயே லூப்பே நின்றுவிட்டாள்.

"இந்த 'தமா'வுல கடைசி எழுத்துக்கு மேல கோடு எங்க?"

"கோடு போடலைன்னா யாருக்கும் புரியாதாக்கும்."

"கோடு இருந்தா அப்பா, இல்லைன்னா பொடியன். படகைத் திருப்பின பொடியன்னு போட்டிருக்க. உங்க அப்பா வந்து உதைப்பார்."

"சரி, போட்டுக்கோ நீதிபதியம்மா."

அவள் போட்டாள். பிறகு 'மாபெரும்', 'ஈடு இணையற்ற' இரண்டையும் அடித்தாள். அலெக்கியின் வயதை மேலே ஒரு மாதிரியும் கீழே ஒரு மாதிரியும் எழுதியிருந்ததை வட்டமிட்டாள். ஒரு வரியில் பேனா நின்றது. 'எல்லோரும் வெற்றியை நினைத்திருக்க, என் அப்பா ஒருவர் மட்டும் மனிதர்களை நினைத்தார்.'

"அவர் மனசுல என்ன நினைச்சார்னு கரையில நின்ன உனக்கு எப்படித் தெரியும்? அவர் சொன்னாரா?"

"அவர் தன்னைப் பத்திப் பேசவே மாட்டார்."

"அப்போ கேக்கணும்ல?"

"நீயே கேளு," என்று அப்பாவின் தொலைபேசி எண்ணை எழுதிக் கொடுத்துவிட்டு, தின்ன ஏதாவது வாங்கி வரப் போனான் செமு.

லூப்பே அப்போதே எனக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் அழைத்தாள். வயதைக் கேட்டாள், பெயரை எழுத்தெழுத்தாகக் கேட்டாள், பிறகு அந்த வரியைப் படித்துக் காட்டினாள்.

"அது நான் இல்லையேம்மா," என்றார் அலெக்கி.

"ஐயா?"

"நிறுத்தினது நீமியா. எங்க ஊர்த் தச்சன். துடுப்பு போடுறவங்க பின்பக்கம் பாத்துதானே உக்காந்திருப்பாங்க, அவன் கண்ணுல பட்டிருக்கு. 'ஆளுங்க தண்ணில'ன்னு கத்தினான். நான் திரும்பிப் பாத்தேன். பாத்துட்டும் 'இழு, இழு'ன்னுதான் கத்தினேன். அவன் துடுப்பைத் தூக்கி மடியில வச்சுக்கிட்டான். அவனைப் பாத்து மத்தவங்களும் வச்சுட்டாங்க. படகு நின்னுபோச்சு. அதுக்கப்புறம்தான் திருப்பினேன்."

லூப்பே எழுதிக்கொண்டிருந்தாள்.

"ஆனா பையன் ஆசையா எழுதியிருக்கான்மா," என்றார் அவர். "அப்படியே விட்டுடேன். நீமியா ஒண்ணும் நினைக்க மாட்டான்."

தொலைபேசியை வைத்துவிட்டு லூப்பே என்னைப் பார்த்தாள். யாருடைய பிழையையும் சிரித்துக்கொண்டே அடிக்கிறவள் அன்று பேனாவை மூடி வைத்திருந்தாள். "விட்டுடலாமா?" என்றேன். தலையை ஆட்டினாள். ஆமாம் என்கிறாளா இல்லை என்கிறாளா என்று எனக்குத் தெரியவில்லை.

செமு எண்ணெய்க் காகிதத்தில் பனிகெக்கே என்கிற பொரித்த மாவு உருண்டைகளோடு வந்தான். அவன் முதல் உருண்டையைக் கடிப்பதற்குள் அவள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

"எழுத்துப்பிழை பாக்கச் சொன்னா, என் அப்பாவையே திருத்துற," என்றான் அவன். குரல் உயரவில்லை. அதுதான் கேட்கக் கஷ்டமாக இருந்தது.

"விட்டுடச் சொன்னார்டா. உனக்காக. ஆனா நீமியாவும் அந்தப் படகுல இருந்தவங்களும் இதைப் படிப்பாங்க. படிச்சுட்டு உங்க அப்பாவைப் பாப்பாங்க. அவர் எங்க பாப்பார்?"

செமு வெளியே போனான். ஈரப்பலா மரத்தடியில் அவன் தொலைபேசியில் பேசுவதை ஜன்னல் வழியாகப் பார்த்தோம். அதிகமும் கேட்டுக்கொண்டுதான் இருந்தான். திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது. நேராகக் கணினியில் உட்கார்ந்து, கட்டுரை முழுவதையும் அழித்தான். பிறகு நீமியாவை அழைத்தான், இன்னும் இரண்டு துடுப்புக்காரர்களையும். அன்று மாலைக்குள் புதிதாக எழுதி முடித்தான். முதல் வரி இப்படி இருந்தது: '"இழு" என்று என் அப்பா கத்தினார். யாரும் இழுக்கவில்லை.'

லூப்பே இரண்டு முறை படித்தாள்.

"நல்லா இருக்கு," என்றாள்.

"அவ்வளவுதானா? சிவப்பு தீந்துபோச்சா?"

"கடைசிப் பத்தி வேண்டாம். அதுக்கு மேலேயே கதை முடிஞ்சுபோச்சு."

முனகிக்கொண்டே வெட்டினான்.

இதழ் வெளிவந்த மறுநாள் அலெக்கியே பேருந்தில் வந்து இறங்கினார். கையில் ஓலைக்கூடை, அதில் தேங்காய்ப்பாலில் வெந்த சேப்பங்கீரைப் பொட்டலங்கள். செமுவோடு அறைக்குள் வந்து லூப்பேயையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார்.

"ஃபோன் பண்ணின பொண்ணு யாரு?"

லூப்பே எழுந்து நின்றாள். அவள் ஒருவரைக் கண்டு பயந்து நான் பார்த்தது அன்றுதான்.

"முதல்ல எழுதினதை செமு எனக்கு வாசிச்சுக் காட்டினான்," என்றார்.

"அதை அவனே அழிச்சுட்டாங்க ஐயா."

"தெரியும். அதுல வர்ற ஆளு யாருன்னே எனக்குத் தெரியலம்மா. ரொம்ப நல்லவன். இப்போ அச்சுல வந்ததுல இருக்கிறவன் நான்தான். கொஞ்சம் முட்டாள்." கூடையை அவள் மேசையில் வைத்தார். "அந்த நீமியாவுக்கு இன்னொரு பிரதி வேணுமாம். நேத்து படிச்சதுலேருந்து பெருமையில, மடியில துடுப்பு இருக்கிற மாதிரியே கைய வச்சுக்கிட்டு உக்காந்திருக்கான். தாங்க முடியல."

செமு சிரித்துவிட்டான். அப்பா அவன் கழுத்தில் கை போட்டுத் தன் பக்கம் இழுத்தார். லூப்பே பொட்டலத்தைப் பிரித்து, முதலில் அவரிடம் நீட்டினாள்.