இரண்டும் சிவப்பு

...இரண்டிலும் செவ்வரளிதான், இரண்டிலுமே, வெள்ளை என்று ஓர் இதழ்கூடக் கிடையாது, யார் எடுத்தால் என்ன, எதை எடுத்தால் என்ன, காளியே இறங்கி வந்து எடுத்தாலும் சிவப்புதான் வரும்... நினைக்க நினைக்கச் சொர்ணத்துக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது, முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள், பார்க்கிறவர்கள் பக்தி என்று நினைத்துக்கொள்ளட்டும். கருவறைப் படியில் இரண்டு வாழையிலைப் பொட்டலங்கள். வெள்ளைப் பூ வந்தால் மீமிசல் வெள்ளைச்சாமிக்குக் கழுத்தை நீட்ட வேண்டும், சிவப்பு வந்தால் அம்மனுக்குச் சம்மதமில்லை, பேச்சு அதோடு தீர்ந்தது. எல்லாம் இவளைப் பெற்ற ஆத்தா காத்தாயி செய்த ஏற்பாடு. "நாஞ் சொன்னாக் கேக்க மாட்டே, அவ சொன்னாக் கேப்பேல்ல?" என்றாள், கேட்பேன் என்று இவளும் சத்தியம் பண்ணினாள். ஆனால் பூப் பறித்துக் கட்டுகிற வேலையை இவளிடமே விட்டாளே, பாலுக்குப் பூனையைக் காவல் வைத்த கதைதான்... அம்மன் கண்ணைக் குத்திவிடுவாளோ? ஏன் குத்துகிறாள், அவளும் இங்கே தனியாகத்தானே உட்கார்ந்திருக்கிறாள், பக்கத்தில் ஒரு ஆம்பளைச் சாமி உண்டா, முப்பத்தொரு வயசாச்சே என்று அவளை யாராவது கேட்கிறார்களா?

இவளைக் கேட்காத ஆள் யார்? குளத்தில் முங்கி எழுந்தால் கேள்வி, யுத்தம் வந்து மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்றால் அங்கேயும் கேள்வி, எழவு வீட்டில் கட்டிக்கொண்டு அழும்போதுகூட 'ஒங்கப்பன் ஒன்னைய ஒருத்தன் கையில புடிச்சுக் குடுக்காமப் போயிட்டானேடி' என்று ஒப்பாரிக்குள் இவளைச் செருகிவிடுவார்கள். ஆத்தா மட்டும் குறைச்சலா? தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி பத்து வருஷமாக ஒரே பாட்டு, 'பாவி மக எந் நெஞ்சுல ஏறி ஒக்காந்துருக்காளே'... வெள்ளைச்சாமியைக் குறை சொல்லக் கூடாது, கருவாட்டு வியாபாரம், பெண்டாட்டியைப் பறிகொடுத்தவன், பெண் பார்க்க வந்த அன்று தலையைக்கூட நிமிர்த்தவில்லை, பாவம். ஆனால் மீமிசலில் கடல்தானே இருக்கிறது, இவளுடைய கிணறு அங்கே வருமா, மாடு கட்டி இறைக்கிற கமலை வருமா? அப்பா செத்த வருஷம் தம்பி ரத்தினவேல் சின்னப் பயல், காளைகளை யார் ஓட்டுவது, பத்தொன்பது வயசில் இவள்தான் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு நின்றாள், பொம்பளை கமலை ஓட்டுகிறாள் என்று வேடிக்கை பார்க்கவே வல்லத்திராக்கோட்டையிலிருந்தெல்லாம் ஆள் வந்தது... காளைகள் சரிவில் இறங்கும்போது வடத்தின்மேல் உட்கார்ந்து கூடவே இறங்குவாள், அடிவயிறு ஜிவ்வென்று குளிருமே, பின்னால் சால் நிரம்பி ஏறி வந்து தண்ணீர் சளாரென்று வாய்க்காலில் கொட்டுமே, அந்தச் சந்தோஷத்தை எந்த மாப்பிள்ளை தருவான்? வெளியே சொன்னால் சிரிப்பார்கள். அதனால்தான் செவ்வரளியை விட்டுச் சொல்லச் சொன்னாள்.

பூசாரி பழனிச்சாமி மணியை ஆட்டினார். "மனசுல நல்லா நெனச்சுக்கங்க ஆத்தா," என்று கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டினார், கை இங்கிட்டு வந்தது, அங்கிட்டுப் போனது, எதையாவது எடுத்துத் தொலையுமே... எடுத்துவிட்டார். நாரைப் பிடித்து இழுத்தார், வரவில்லை, நகத்தால் நோண்டினார், வரவில்லை. "என்னம்மா இப்புடி இறுக்கியிருக்கு, உள்ள இருக்கிறது பூவா புலியா?" கடைசியில் இலையைக் கிழித்தார், பொலபொலவென்று செவ்வரளி கொட்டியது. ஆகா! எழுந்து குதிக்க வேண்டும்போல் இருந்தது, கோயில் காளைபோல ஒரு சுற்று ஓடிவிட்டு வர வேண்டும்போல் இருந்தது. ஆத்தா மாரில் அடித்துக்கொண்டாள், "பாத்தீங்களா சாமி, இந்த அம்மனும் என்னையக் கைவிட்டுட்டாளே!" பூசாரிக்கே மனசு பொறுக்கவில்லை. "இன்னொண்ணையும் பிரிச்சுப் பாத்துருவமா ஆத்தா?" ஐயோ, செத்தேன்... அதற்குள் ஆத்தா பாய்ந்து அந்தப் பொட்டலத்தை எடுத்துக் கோயில் கிணற்றில் வீசிவிட்டாள். "சாமி சொன்னதுக்கு மேல சந்தேகப்படலாமா? வேணாஞ் சாமி." பிழைத்தேன் என்று மூச்சு விட்டவள் குனிந்து பூவைப் பொறுக்கும்போதுதான் கீழே கிடந்த நாரைப் பார்த்தாள்.

இது இவள் போட்ட முடிச்சு இல்லை. இவள் போட்டது வண்டி மாட்டுக்குப் போடுகிற உருவு முடிச்சு, நுனியைத் தொட்டால் அவிழும்... இது சுற்றிச் சுற்றி நெருக்கிய முடிச்சு, விதை மூட்டைக்கு ஆத்தா போடுவாளே, எலிகூடப் பல்லை உடைத்துக்கொண்டு போகும், அதேதான். எப்போது? வண்டியை இவள்தான் ஓட்டி வந்தாள், பூக்கூடை பின்னால் ஆத்தா மடியில், வழிநெடுக ஒரு வார்த்தை பேசவில்லையே... அப்படியானால் பிரித்திருக்கிறாள், இரண்டும் சிவப்பென்று பார்த்திருக்கிறாள், வழியில் அவிழ்ந்துவிடக் கூடாதென்று இறுக்கியும் கட்டியிருக்கிறாள்!

"வெரசா ஓட்டுடி, வெயிலேறுது, மொளகாய்க்குத் தண்ணி பாய்ச்ச வேணாமா?" வண்டியில் ஏறியதும் ஆத்தாவின் அழுகை நின்றுவிட்டது. திரும்பிக் கேட்டுவிடலாமா? எனக்காகவா ஆத்தா, இல்லை நான் போய்விட்டால் உனக்கு யார் என்றா... வாய் வரைக்கும் வந்தது. காளைகள் வீட்டு வழி கண்டதும் துள்ளி ஓடின, ஊர் முகப்புப் புளியமரம் தெரிந்தது, மரத்தடியில் நாலு பேர் நின்றார்கள். பின்னால் ஆத்தா தொண்டையைச் செருமிக்கொள்வது கேட்டது. பிறகு, "பாவி மக எந் நெஞ்சுல ஏறி ஒக்காந்துருக்காளே..."