மாப்பிள்ளைக்குப் பழகின சத்தம்

சீருடைச் சட்டை ஒன்றுக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்த தையல்காரி தற்செயலாகத்தான் ஜன்னல் பக்கம் திரும்பினாள். கொடியில் பச்சைக் கோட்டு சொட்டிக்கொண்டிருந்தது. காலையில் அவளே துவைத்துப் போட்ட கோட்டு, அவள் புருஷனுடையது. அப்படியென்றால் அவர் எதை மாட்டிக்கொண்டு போனார்? எழுந்து போய்க் கதவுக்குப் பின்னால் பார்த்தாள். ஆணியில் அவளுடைய கோட்டைக் காணோம். "ஐயோ" என்று போனைத் தேடினாள்.

அந்தக் கோட்டின் பையில் ரொட்டி இருந்தது.

ரொட்டிக்கு இத்தனை பயமா என்று கேட்பவர்கள் அந்த மேய்ச்சல் வெளியைப் பார்த்ததில்லை. தெருவைத் தாண்டினால் கால்வாய், கால்வாயைத் தாண்டினால் கண்ணுக்கு எட்டிய மட்டும் புல். முள்ளும் புதரும் மண்டிவிடாமல் இருக்க அதில் மாடுகளையும் மட்டக்குதிரைகளையும் அவிழ்த்து விட்டிருந்தார்கள். மேய்க்க ஆள் கிடையாது, கட்டக் கயிறு கிடையாது. தினமும் ஒரு தொண்டர் போய்ப் பார்த்துவிட்டு வரவேண்டும். எது நொண்டுகிறது, எதன் கண்ணில் நீர் வடிகிறது, தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா, வேலி அறுந்திருக்கிறதா என்று பார்ப்பதுதான் வேலை. சம்பளம் கிடையாது. ஆளுக்கொரு பச்சைக் கோட்டு கொடுப்பார்கள், அவ்வளவுதான்.

பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற மனுஷன் வீட்டில் உட்கார்ந்துகொண்டு, குழம்புக்கு உப்பு போட்டாயா என்பதுவரை விசாரித்துக்கொண்டிருந்தார். தொல்லை தாங்காமல் அவள்தான் அவரை இதில் சேர்த்துவிட்டாள். அவர் சும்மா இருப்பாரா? அவளையும் இதில் இழுத்துவிட்டார். புதிதாக வருகிறவர்களுக்குப் பாடம் நடத்துவதும் அவர்தான்.

"கையால ஒண்ணும் குடுக்காதீங்க. ஒரு தடவை குடுத்துட்டா அப்புறம் அது உங்க மூஞ்சியப் பாக்காது, உங்க பையத்தான் பாக்கும்."

அவர் அதைச் சொல்லும்போதெல்லாம் அவளும் பக்கத்தில் நின்று தலையாட்டுவாள். ஆனால் அவளுக்கு இடுப்பு வலி. வீட்டில் தைக்க வேண்டிய துணி மலையாகக் கிடக்கும். அந்த வெளி முழுக்க அலைந்து ஒவ்வொன்றாகத் தேட எங்கே முடிகிறது? ஒரு நாள் வேலிக் கேட்டுக்கு வெளியே நின்று பசிக்கு ரொட்டிக் கவரைப் பிரித்தாள். அந்தச் சரசரப்புக்கு ஒரு மட்டக்குதிரை ஓடி வந்தது. பாவம் பார்த்து ஒரு துண்டு போட்டாள். மறுமுறை நான்கைந்து வந்தன. அப்புறம் அவள் தேடிப் போகவே இல்லை. கேட்டுக்கு இந்தப் பக்கம் நின்று கவரைக் கசக்குவாள், மொத்தக் கூட்டமும் வந்து வரிசை கட்டும். கண்ணைப் பார்ப்பாள், காலைப் பார்ப்பாள், 'எல்லாம் நலம்' என்று தொண்டர் குழுவுக்குச் செய்தி அனுப்பிவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவாள்.

முதலில் வந்த குதிரைக்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்திருந்தாள். கவனிப்பில் ஒரு குறை என்றாலும் முகம் மாறிவிடும். அதன் பின்னாலேயே நீளக் கொம்போடு ஒரு கிழட்டுப் பசு வரும், அது சம்பந்தியம்மா. கொஞ்ச நாளாக மாப்பிள்ளை மற்றக் குதிரைகளைக் கடித்துத் துரத்த ஆரம்பித்திருந்தான். சம்பந்தியம்மா முட்டியதில் இரும்புக் கேட்டே நெளிந்திருந்தது. "எந்த லாரிக்காரன் இடிச்சிட்டுப் போனானோ" என்று அவர் திட்டியபோது அவள் குனிந்து ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள்.

இப்போது அவர் அந்தக் கோட்டோடு கேட்டுக்கு உள்ளே இருக்கிறார். முட்டி வலிக்காரர், ஓடக்கூட முடியாது.

போன் போட்டாள். சந்தோஷமாக எடுத்தார்.

"ஏம்மா, இன்னைக்கு அதிசயத்தப் பாரேன்! தொட்டிகிட்ட வந்து நிக்கிறேன், எல்லாம் தானா வந்து சுத்தி நிக்குது. உன் மாப்பிள்ளை என் தோள்மேலயே மூஞ்சிய வெச்சிருக்கான்."

"என்னங்க, அந்தக் கோட்டக் கழட்டிப் போட்டுட்டு வெளிய வாங்க."

"எதுக்கு?"

சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வார்த்தைதான். ஊருக்கெல்லாம் பாடம் நடத்துகிற மனுஷனிடம் அதைச் சொல்ல வெட்கம் பிடுங்கியது.

"பைல... ஊசி கிடக்குதுங்க. குத்திடும்."

அவர் சிரித்தார். "உன் கோட்டுல ஊசி இல்லாட்டித்தான் அதிசயம். கழட்டவும் முடியாதும்மா, ஜிப்பு பாதியில சிக்கிக்கிச்சு. ஊருக்கெல்லாம் ஜிப்பு மாத்திக் குடுக்கிற, உன்னோடத மட்டும் மாத்த மாட்டியா? இரு, ஊசிய எடுத்துப் போட்டுர்றேன்."

"கைய வைக்காதீங்க!"

அதற்குள் போனில் அந்தச் சரசரப்பு கேட்டது.

"என்னது இது... ரொட்டியா?" என்றார். குரல் மாறியது. "ஏய், தள்ளு. மாப்ளே, தள்ளுடா... ஏய்!" ஏதோ கனமாக விழுந்தது. அப்புறம் குளம்புச் சத்தம் மட்டும்.

அடுப்பங்கரை அலமாரியில் இருந்த ரொட்டிக் கவரைப் பிடுங்கிக்கொண்டு ஓடினாள். கீழ்வீட்டு வெல்டர் எட்டிப் பார்த்தான். "தம்பி, ஆம்புலன்ஸுக்குப் போன் போடு! மேய்ச்சல் கேட்டு!" என்று கத்திக்கொண்டே தெருவைக் கடந்தாள். இடுப்பு வலி எங்கே போனதென்றே தெரியவில்லை.

கேட்டுக்கு அப்பால் தொட்டியை ஒட்டி வெறும் முதுகுகள்தான் தெரிந்தன. கால்களுக்கு நடுவே பச்சை. அவர் தலையைக் கைகளால் மூடிக்கொண்டு சுருண்டு கிடந்தார். மாப்பிள்ளை கோட்டைப் பல்லால் பற்றி இழுத்தான். வந்த மற்றக் குதிரைகளை எட்டி உதைத்தான். ஒவ்வொரு உதையும் அவர் தலையை ஒட்டி விழுந்தது. சம்பந்தியம்மா கொம்பைத் தாழ்த்தி உள்ளே நுழையப் பார்த்துக்கொண்டிருந்தது.

வெளியே நின்று கசக்கினால் எல்லாம் கேட்டுக்குத்தான் வரும். அவர் வெளியேற வேறு வழி கிடையாது. உள்ளே போனாள். வேலியோரமாகத் தூரத்துக்கு ஓடி, நின்று, கவரைக் கசக்கினாள்.

காதுகள் ஒரே நேரத்தில் நிமிர்ந்தன.

"கேட்டுக்குப் போயிடுங்க!" என்று கத்தினாள். "நான்தான் குடுத்தேன்! நான்தாங்க இத்தனை நாளா ரொட்டி குடுத்தேன்!"

அவர் தலையைத் தூக்கினார். ஒரு கண் ரத்தத்தில் மூடியிருந்தது. மற்றக் கண்ணால் அவளையே பார்த்தார். பிறகு ஒரு கையை ஊன்றி, காலை இழுத்துக்கொண்டு, கேட்டை நோக்கி நகர ஆரம்பித்தார். அவரால் மெதுவாகத்தான் முடிந்தது.

கூட்டம் அவளை நோக்கி ஓடி வந்தது. முன்னால் மாப்பிள்ளை, பின்னால் கொம்பு. முதுகு வேலியில் இடித்தது. அப்போதுதான் கையில் கனமே இல்லை என்பது உறைத்தது. மிச்சமிருந்த துண்டுகளையெல்லாம் காலையில் அவளே கோட்டுப் பையிலிருந்த கவருக்குள் திணித்திருந்தாள்.

அவர் இன்னும் கேட்டை எட்டவில்லை. அவள் அந்த வெறும் கவரை இன்னும் பலமாகக் கசக்கினாள்.