பதினேழாவது பெயர்

யோருன் தேர்தலில் நிற்கவில்லை. நிறுத்திவைத்தார்கள்.

எங்கள் ஊராட்சி மன்றத்தில் பதினேழு இடம். 1987 தேர்தலில் நின்ற மூன்று பட்டியல்களில் ஒன்றான பொதுப் பட்டியலுக்குப் பதினாறு பேரைப் பிடித்துவிட்டார்கள், பதினேழாவது ஆள் மட்டும் அகப்படவில்லை. அரைகுறைப் பட்டியலைக் கொண்டுபோய்க் கொடுக்க ஊராட்சித் தலைவர் ஹால்வருக்கு மானம் இடம் கொடுக்கவில்லை. கூட்டுறவுக் கடைக்குப் போனார். அங்கே கல்லாவில் யோருன் ஒருத்தருக்கு உப்பு மீன் நிறுத்துக்கொண்டிருந்தாள்.

"கடைசிப் பேரு, யோருன். அவ்வளவு தூரம் யாரும் படிக்கவே மாட்டாங்க. சும்மா ஒரு வரி நிரப்பணும்."

"சும்மாதானே?"

"சும்மாதான்."

அவள் மீனின் எடையைப் பார்த்தபடி தலையாட்டினாள். தப்பு அங்கேதான் நடந்தது.

ஸ்கார்ஃபியோர் என்று ஓர் ஊராட்சி 1964க்கு முன்னால் கிடையாது. கடல், மலைகளுக்கு நடுவே நீளமாக உள்ளே வந்து முடிகிற இடத்தில் ஓஸ்தால், வெளியே வாய் திறக்கிற இடத்தில் நேஸ். தனித்தனி ஊராட்சி, தனித்தனி தேவாலயம், தனித்தனிக் கோபம். தலைநகரில் யாரோ ஒரு தாளில் கையெழுத்துப் போட்டு இரண்டையும் ஒன்றாகக் கட்டிவைத்தார்கள். புது ஊராட்சிக்குப் பெயர் வைப்பதற்கே ஒன்றரை வருஷம் சண்டை. அலுவலகத்தை யார் பக்கம் கட்டுவது என்று அடுத்த சண்டை. கடைசியில் நில அளவைக்காரரைக் கூப்பிட்டுச் சரிபாதியில் முளை அடிக்கச் சொன்னார்கள். சரிபாதியில் ஒருவரும் குடியில்லை. ஆடு மேய்கிற மேடு. எங்கள் அலுவலகம் இன்றும் அந்த மேட்டில் தனியாகத்தான் நிற்கிறது. அங்கே கூட்டக் குறிப்பு எழுதுகிற வேலையில் நான் இருபத்தாறு வருஷம் இருந்தேன்.

யோருன் பிறந்தது நேஸில். வாழ்க்கைப்பட்டது ஓஸ்தாலில், ஐவினுக்கு. எங்கள் தேர்தலில் பட்டியலைப் பார்த்து ஓட்டுப் போட்டால் மட்டும் போதாது. பிடித்த பெயரைத் தாளில் இன்னொரு தரம் எழுதலாம், பிடிக்காத பெயரை அடிக்கலாம். நேஸ்காரர்கள் சத்தம் போடாமல் கூடிப் பேசினார்கள்: யோருன் நம்ம பெண், ஓஸ்தால் கணக்கில் நம்ம ஆள் ஒருத்தியை உள்ளே விடுவோம். ஓஸ்தால்காரர்களும் அதே வாரம் சத்தம் போடாமல் கூடிப் பேசினார்கள்: யோருன் நம்ம மருமகள், நேஸ் கணக்கில் நம்ம ஆள் ஒருத்தியை உள்ளே விடுவோம். இரண்டு ஊரும் ஒன்றை ஒன்று ஏமாற்றுவதாக நினைத்து ஒரே பெயரை எழுதின. செப்டம்பரில் ஓட்டு எண்ணி முடித்தபோது ஹால்வரைவிட அவளுக்கு அதிகம்.

நான்தான் தொலைபேசியில் சொன்னேன். தவறாக எண்ணியிருப்பார்கள், இன்னொரு தரம் எண்ணச் சொல்லுங்கள் என்றாள். இரண்டு தரம் எண்ணியாகிவிட்டது என்றேன். அப்படியானால் எனக்கு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடுகிறேன் என்றாள். தேர்ந்தெடுக்கப்பட்டவர் மறுக்க முடியாது, அது குடிமகனின் கடமை என்று சட்டம் சொல்வதை நான் வாசித்துக் காட்டினேன். அறுபது வயது தாண்டியிருக்க வேண்டும், அல்லது தீராத நோய் இருக்க வேண்டும், அல்லது ஊராட்சியை விட்டே குடிபெயர வேண்டும். அவளுக்கு முப்பத்தெட்டு வயது, கல்லுப் போன்ற உடம்பு, ஓஸ்தாலில் நாற்பது ஆடும் ஒன்பது வயதில் மாரென் என்று ஒரு பெண்ணும்.

மன்றத்தில் நேஸுக்கு எட்டு பேர், ஓஸ்தாலுக்கு எட்டு பேர். மிச்சம் யோருன்.

தீர்க்க வேண்டியது சின்ன விஷயமாக இருந்திருந்தால் பரவாயில்லை. ஆனால் அந்தக் குளிர்காலத்துக்கு முன் தீர்த்தாக வேண்டியது பள்ளிக்கூடம். பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள், இரண்டு பள்ளிக்கு ஆசிரியர் கொடுக்க முடியாது, ஒன்றை மூடுங்கள் என்று மேலிடத்திலிருந்து கடிதம் வந்திருந்தது. எதை மூடினாலும் அந்த ஊர்ப் பிள்ளைகள் பஸ்ஸில் அடுத்த ஊருக்குப் போக வேண்டும். வழியில், அலுவலகத்துக்கும் ஓஸ்தாலுக்கும் இடையில், வெள்ளைச் சரிவு இருக்கிறது. நாலு கிலோமீட்டர். மேலே மலை, கீழே கடல், நடுவில் எங்கள் சாலை. அறுபத்தெட்டில் தபால் வண்டியைப் பனி அங்கேதான் தள்ளிக்கொண்டு போனது. வண்டி மே மாதம் கிடைத்தது, தபால்காரர் கிடைக்கவில்லை.

ஓஸ்தால் பள்ளியை மூடினால் மாரென் அந்தச் சரிவுக்குக் கீழே தினம் இரண்டு தரம் போவாள். நேஸ் பள்ளியை மூடினால் யோருனின் அண்ணன் ஸ்டெய்னாரின் பையன்கள் மூன்று பேரும் போவார்கள். யோருன் இதில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

கடையில் அவளிடம் யாரும் நேராகக் கேட்கவில்லை. நேராகக் கேட்பது எங்கள் பழக்கமில்லை. காப்பித்தூள் வாங்க வந்த ஓஸ்தால் பெண் ஒருத்தி, மாரென் இந்த வருஷம் உயரமாக வளர்ந்துவிட்டாளே, பள்ளிக்கு நடந்தே போவது எவ்வளவு நல்லது என்றாளாம். கூட்டுறவு லாரியில் சரக்குக் கொண்டுவந்த நேஸ்காரன், உன் அப்பா கல் சுமந்து கட்டிய பள்ளிக்கூடத்துக்குப் புதுப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள் என்றானாம். கேக் வந்தது. மான் இறைச்சி வந்தது. இரண்டையும் அவள் திருப்பி அனுப்ப, இரண்டு ஊரிலும் ஒரே சந்தேகம் கிளம்பியது.

ஸ்டெய்னார் மட்டும் நேராக வந்தான். படகில் வந்து, கடை மூடும் நேரத்தில் கதவில் சாய்ந்துகொண்டு நின்றான். அவள் எனக்கு அப்படியே சொன்னாள்.

"நான் ஒண்ணும் கேக்க வரல."

"பின்ன எதுக்குண்ணே வந்த?"

"கேக்கலன்னு சொல்லத்தான். நீ எத செஞ்சாலும் நீ என் தங்கச்சிதான். ஆனா பசங்க அம்மா உன்கிட்ட பேச மாட்டா. அத முன்கூட்டியே சொல்லிட்டேன்."

நவம்பரில் அவள் டாக்டரிடம் போனாள். தெற்கிலிருந்து புதிதாக வந்திருந்த இளைஞர், இரக்கமுள்ளவர். முதுகுவலி என்று எழுதித் தருகிறேன், அன்றைக்குக் கூட்டத்துக்குப் போக வேண்டியதில்லை என்றார். அவள் அந்தத் தாளைக் கையில் பிடித்தபடி நேராக என் மேஜைக்கு வந்தாள். இதைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று கேட்டாள். பட்டியலில் அடுத்து நிற்பவர் அன்றைக்கு உன் இடத்தில் உட்காருவார் என்றேன்.

"அடுத்தது யாரு?"

"தூர்கில்ஸ்."

நேஸில் மீன் இறக்கும் துறையை வைத்திருக்கிற தூர்கில்ஸ். அவர் எந்தப் பக்கம் என்று கடலுக்கே தெரியும்.

"அப்ப நான் படுத்துக்கிட்டாலும் அது ஓட்டுதான்."

"ஆமா."

"ஊரை விட்டே போனாலும்?"

"அப்பவும் தூர்கில்ஸ்தான்."

"வந்து உக்காந்துட்டு, யாருக்கும் இல்லன்னு சொன்னா?"

மன்றத்தில் உட்கார்ந்திருப்பவர் ஓட்டுப் போட்டே ஆக வேண்டும், எங்கள் சட்டத்தில் நடுவில் நிற்க இடம் கிடையாது என்று சொன்னேன். ஜன்னலுக்கு வெளியே அந்த மேட்டைப் பார்த்தாள். நடுவில் கட்டினார்களே என்று மட்டும் சொன்னாள். டாக்டரின் தாளை நாலாக மடித்துக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு போனாள்.

ஐவின் நல்லவன், பேசாதவன். வீட்டில் அந்த மூன்று மாதமும் பள்ளிக்கூடம் என்ற சொல்லே எடுக்கவில்லையாம். எடுக்கத் தேவையில்லை என்று நினைத்திருக்கிறான். தன் பெண்ணை அந்தச் சரிவுக்குக் கீழே அனுப்ப எந்தத் தாய் கை தூக்குவாள்? அவன் பேசாமல் இருந்தது நம்பிக்கையால். அதுதான் அவளுக்கு மூச்சு முட்டியது. கேட்டிருந்தால் பதில் சொல்லிப் பார்த்திருப்பாள்.

டிசம்பர் பத்தாம் தேதி, காலை பத்து மணிக்குக் கூட்டம். பார்வையாளர் இருக்கைகள் போதாமல் இரண்டு ஊரும் சுவரோரம் நின்றன. இடது சுவர் நேஸ், வலது சுவர் ஓஸ்தால், யாரும் சொல்லாமலே. மூன்று மணி நேரம் பேசினார்கள். பனியைப் பற்றி, பஸ்ஸின் டயரைப் பற்றி, 1964ஐப் பற்றி. காப்பி இரண்டு தரம் வந்தது. யோருன் வாயே திறக்கவில்லை. ஐவின் வலது சுவரில் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

அலுவலகத்தின் பரிந்துரை ஓஸ்தால் பள்ளியை மூடுவது. அங்கே பிள்ளைகள் மூன்று பேர் குறைவு, அவ்வளவுதான் காரணம். ஹால்வர் உட்கார்ந்தபடியே முறையைச் சொன்னார்.

"பரிந்துரைய ஏத்துக்கறவங்க உக்காந்திருங்க. வேண்டாம், நேஸ் பள்ளியத்தான் மூடணும்கறவங்க எழுந்து நில்லுங்க."

எங்கள் மன்றத்தில் எப்போதும் இப்படித்தான். நாற்காலிகள் தேய்ந்த சத்தம் கேட்டது. ஓஸ்தாலின் எட்டுப் பேரும் எழுந்தார்கள். நான் பென்சிலால் எண்ணினேன். எட்டு. யோருனைப் பார்த்தேன். மேஜை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள், எழப்போகிறவள் பிடிக்கிற மாதிரி. முழங்கைகூட மடங்கியது. ஹால்வர் காத்திருந்தார், அந்த மட்டில் அவர் நேர்மையானவர். சுவரில் யாரோ இருமினார்கள். அவள் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஒன்பதுக்கு எட்டு," என்றார் ஹால்வர். "பரிந்துரை நிறைவேறியது."

இடது சுவரில் ஒருவரும் கை தட்டவில்லை. தட்டியிருந்தால்கூடத் தேவலை. தூர்கில்ஸ் அவள் பக்கம் வந்து, ரத்தம் ரத்தம்தான் என்று தோளைத் தட்டினார். அவள் தோளை விலக்கிக்கொண்டாள். ஸ்டெய்னார் தூரத்திலிருந்து அவளையே பார்த்துக்கொண்டு நின்றான். அவன் முகத்தில் சந்தோஷம் இல்லை. தன் பிள்ளைகளுக்குப் பதிலாக யார் போகப்போகிறார்கள் என்று அவனுக்குத் தெரியும்.

என் வீடும் ஓஸ்தாலில்தான். அன்றைக்குக் காலை ஐவினின் வண்டியில்தான் வந்திருந்தேன், வேறு வழியில்லாமல் அதிலேயே திரும்பினேன். பின் இருக்கையில் நான், முன்னால் அவர்கள். இரண்டரை மணிக்கே இருட்டத் தொடங்கிவிட்டது. பனி பெய்துகொண்டிருந்தது. வெள்ளைச் சரிவுக்கு முன்னால் தடுப்புக்கட்டை இறங்கியிருந்தது, சிவப்பு விளக்கு எரிந்தது. பனிவாரி வண்டி வந்து முன்னே போனால்தான் விடுவார்கள், எல்லாரும் வரிசையாக அதன் பின்னாலேயே போக வேண்டும்.

நாங்கள் முதல் வண்டி. எங்களுக்குப் பின்னால் ஓஸ்தாலின் எட்டு உறுப்பினர்களும், சுவரோரம் நின்ற அத்தனை பேரும், வண்டி வண்டியாக வந்து நின்றார்கள். ஒவ்வொரு வண்டியின் வெளிச்சமும் எங்கள் பின்கண்ணாடியில் விழுந்து, உள்ளே எங்கள் மூன்று பேரின் தலையும் நிழலாகத் தெரிந்தது. திரும்பிப் போக வழியில்லை, ஒதுங்க இடமில்லை. ஐவின் இன்ஜினை நிறுத்தினான். கண்ணாடிகளில் மூச்சு படிந்தது.

"எழுந்திருக்க முடியலையா," என்று கேட்டான், "இல்ல எழுந்திருக்கலையா?"

முடியவில்லை என்று சொல்லியிருக்கலாம். கால் மரத்துவிட்டது, பயந்துவிட்டேன், என்னவாவது சொல்லியிருக்கலாம். அவன் நம்பியிருப்பான். ஊரும் ஒருநாள் நம்பியிருக்கும். நான் பின்னாலிருந்து அதைத்தான் வேண்டிக்கொண்டேன்.

"எழுந்திருக்கல," என்றாள்.

பிறகு அவளே காரணம் சொன்னாள்.

"அண்ணன் பசங்கள நான் இங்க அனுப்ப முடியாது, ஐவின். ஏதாவது ஆச்சுன்னா அவங்க வீட்டு வாசல்ல போய் நான் என்னன்னு நிப்பேன்? மாரென்னா, அது எனக்குள்ள. அழுதாலும் நம்ம வீட்டுக்குள்ள."

"நம்ம வீட்டுக்குள்ள." அந்த மூன்று மாதத்தில் முதல்முறையாக அவன் குரல் உயர்ந்தது. அதுவும் கொஞ்சம்தான். "உன் பொண்ணுன்னு நினச்சு குடுத்துட்ட. அவ எனக்கும் பொண்ணு. என்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா?"

"கேட்டா நீ என்ன சொல்லியிருப்ப?"

"எழுந்திருன்னு சொல்லியிருப்பேன்."

"அதான் கேக்கல."

வைப்பர் நின்றிருந்ததால் முன் கண்ணாடியைப் பனி மெதுவாக மூடியது. தடுப்புக்கட்டை மறைந்தது, பிறகு சிவப்பு விளக்கும் மங்கியது. பின்னாலிருந்த வண்டிகளிலிருந்து ஒருவரும் எங்களிடம் வரவில்லை. அங்கே வழக்கமாக யாராவது ஃபிளாஸ்க்கோடு வண்டிக்கு வண்டி காப்பி ஊற்றிக்கொண்டு வருவார்கள், காத்திருக்கும் நேரம் போவதே தெரியாது. அன்றைக்குக் காப்பி எங்களுக்கு நேர் பின்னால் நின்ற வண்டி வரை வந்து, அங்கேயே கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

நாற்பது நிமிஷம். கடைசியில் மஞ்சள் விளக்கைச் சுழற்றிக்கொண்டு பனிவாரி வண்டி சரிவிலிருந்து இறங்கி வந்து, திரும்பி, எங்களுக்கு முன்னால் நின்றது. ஓட்டுநர் கட்டையைத் தூக்கிவிட்டுக் கையசைத்தார். ஐவின் சாவியைத் தொடவில்லை. பின்னால் இருபது வண்டிகள். ஒருவர்கூட ஹாரன் அடிக்கவில்லை.

"நீ ஓட்டு," என்றான்.

அவன் இறங்கிச் சுற்றி அவள் பக்கம் வந்தான். அவள் உள்ளுக்குள்ளேயே நகர்ந்து ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்தாள். வைப்பரைப் போட்டாள். கண்ணாடியில் இரண்டு அரைவட்டம் திறந்தது. அவற்றின் வழியாக மஞ்சள் விளக்கும், அதற்கு மேலே ஒன்றுமே தெரியாத இடத்தில் மலையும்.

முதல் கியரில் போனாள். பாதிச் சரிவில் அவள் உதடு அசைந்தது. ஜெபம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஊன்றிக் கேட்டபோது எண்ணிக்கொண்டிருந்தாள், பனியில் சாலையின் ஓரம் தெரிய நட்டுவைத்த கம்பங்களை. பஸ் இதைத் தாண்ட எவ்வளவு நேரம் எடுக்கும் என்று பார்க்கிறாள் போல. ஐவின் கொஞ்ச நேரம் அதைக் கேட்டுக்கொண்டு வந்தான். அறுபதுக்கு மேல் அவளுக்கு ஒரு கம்பம் தப்பிவிட்டது.

"அறுபத்தி மூணு," என்றான், வெளியே பார்த்தபடி.

"அறுபத்தி மூணு," என்றாள் அவள், மேலே எண்ணினாள்.