நானூற்றில் தெரிவது

பச்சையப்பன் வீட்டில் அவரிடம் யாரும் 'தெரியுதா' என்று கேட்பதில்லை. இப்படியொரு விதியை எவரும் வகுக்கவில்லை. இருப்பதாக எவரும் ஒப்புக்கொள்ளவும் மாட்டார்கள். தமிழில் அந்தச் சொல்லுக்கு இரண்டு வேலைகள். கண்ணுக்குப் புலப்படுவதும் தெரிவதுதான், அறிவுக்கு எட்டுவதும் தெரிவதுதான். ஒன்றை விலக்கி மற்றதை மட்டும் வைத்துக்கொள்ள வழியில்லாததால், நெமிலிச்சேரி ரயில் நிலையத்திலிருந்து மூன்று தெரு தள்ளியிருந்த அந்த வீடு முழுச் சொல்லையுமே கைவிட்டிருந்தது. 'சேதி தெரியுமா' என்று வாயெடுக்கும் மனைவி கோமளா 'சேதி கேட்டீங்களா' என்று முடிப்பாள். மகள் கனிமொழி ஒரு படி மேலே போய், யூடியூபில் தான் நடத்தும் கேமரா சேனலிலிருந்தே அந்தச் சொல்லை எடுத்துவிட்டாள். லென்ஸைப் பற்றிப் பேசுகிறவள் 'படம் சுத்தமா விழுது' என்பாளே தவிர, 'தெளிவா தெரியுது' என்று சொல்லமாட்டாள். அவள் பேசுவது கீழ் அறையில் இருக்கும் தகப்பன் காதில் விழும்.

பச்சையப்பன் வேலப்பன்சாவடிப் பக்கம் ஒரு கல்லூரிக்கு இருபத்தோரு ஆண்டுகளாகப் பேருந்து ஓட்டுகிறவர். பூந்தமல்லி பேருந்து நிலையத்தில் ஓட்டுநர்கள் அவரைப் 'பைனாகுலர்' என்றே அழைத்தார்கள். எதிரே வருவது பேருந்தா லாரியா என்று மற்றவர்கள் யோசித்துக்கொண்டிருக்கும் தொலைவிலேயே தடம் எண்ணைச் சொல்லிவிடுவார். ஓராண்டுக்கு முன் அந்தப் பார்வையின் நடுவில் ஏதோ மங்கத் தொடங்கியது. அவர் சொல்லவில்லை. ஆட்களைப் பார்க்கும்போது முகத்தைச் சற்றே திருப்பி ஓரக்கண்ணால் பார்க்கலானார். தண்ணீர் ஊற்றும்போது டம்ளருக்குள் விரலை விட்டு அளவு பார்த்தார். கோமளா எல்லாவற்றையும் கவனித்தாள். கவனித்ததைக் காட்டிக்கொள்ளவில்லை.

ஜனவரியில் கல்லூரி தன் ஓட்டுநர்களுக்கு ஆண்டுதோறும் நடத்தும் கண் பரிசோதனை வந்தது. முந்தைய ஆண்டு அந்த முகாமைப் படமெடுத்துக் கொடுத்தவள் கனிமொழி. அவற்றுள் ஒரு படத்தின் பின்னணியில் எழுத்து அட்டை இருந்தது. அதைப் பெரிதாக்கித் தரும்படி கோமளா கேட்டபோது, எதற்கு என்று கனிமொழி கேட்கவில்லை. ஒரு வாரம் சமையலறையில் கோமளா வாய்ப்பாடு சொல்வதுபோல வரிவரியாகச் சொல்ல, பச்சையப்பன் திருப்பிச் சொன்னார். பரிசோதனையில் கடைசி வரி வரை பிழையில்லாமல் ஒப்பித்துவிட்டு வந்தார். அன்று இரவு வீட்டில் கேசரி செய்தார்கள்.

அதன் பிறகும் வண்டி ஓடியதற்குக் காரணம் பாஸ்கரன். இடப்பக்க இருக்கையில் உட்கார்ந்து வரும் உதவியாளர், வாய் மூடாதவர். 'இந்தாண்ட பைக்காரன் பூர்றான் பாரு', 'மெட்ரோக்காரன் இங்கயும் தகரத் தடுப்ப நட்டுட்டான்' என்று அவர் புலம்பிக்கொண்டே வருவதைக் கொண்டுதான் பச்சையப்பன் பட்டாபிராமிலிருந்து வேலப்பன்சாவடி வரை ஐம்பது மாணவர்களைக் கொண்டுசேர்த்தார். இந்தக் கோடை விடுமுறையில் பாஸ்கரன் வேலையை விட்டுத் திருவண்ணாமலைக்கு மகன் வீட்டுக்குப் போய்விட்டார். திங்கட்கிழமை கல்லூரி திறக்கிறது. புதிதாக வருகிறவன் காதில் எந்நேரமும் இயர்போனை மாட்டிக்கொண்டிருப்பவன் என்று கேள்வி.

ஞாயிற்றுக்கிழமை மாலை, மொட்டைமாடியில், கனிமொழி புது லென்ஸைப் பற்றிய முதல் வீடியோவை எடுத்துக்கொண்டிருந்தாள். நூற்றிலிருந்து நானூறு மில்லிமீட்டர் வரை இழுக்கும் ஜூம். அவளுடைய சின்ன மிரர்லெஸ் கேமராவில் மாட்டியதும் கேமராவே லென்ஸின் வால்போல ஆகிவிட்டது. எதிரே நின்று தன் கைபேசியில் அவளைப் பதிவுசெய்தவன் முகமது ஆசிக். அம்பத்தூரில் கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டும் ஸ்டூடியோவில் அவளோடு வேலை பார்ப்பவன். நான்கு ஆண்டுகளாக அந்த வீட்டுக்கு வந்துபோகிறவன். வீட்டு விதி அவனுக்கும் பழகியிருந்தது.

"வெயிட்டு ஒரு கிலோவுக்கு மேல," என்றாள் கனிமொழி. "அரை மணி நேரம் கையில வச்சிருந்தா மணிக்கட்டு பேசும். ஜூம் வளையம் கொஞ்சம் இறுக்கம். நூறுலேந்து நானூறு போக ரெண்டு திருப்பு வேணும். ஆனா கை ஆடுறத லென்ஸே தாங்கிக்குது. நானூறுல ஸ்டேஷன் போர்டு எழுத்து ஒவ்வொண்ணும் அப்டியே…"

நிறுத்தினாள்.

"விழுது," என்று எடுத்துக்கொடுத்தான் ஆசிக். "கனி, போன வீடியோல ஒருத்தன் கமெண்ட் போட்டுக்கீறான். 'அக்கா, எல்லாம் விழுது விழுதுன்றீங்களே, எதுனா உடையுதா'ன்னு."

"நீ ஒயுங்கா புடி. உன் கைதான் ஆடுது."

"என் போன்ல கைய தாங்குற லென்ஸ் இல்ல தாயே."

மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. படிகளை எண்ணி வைக்கும் காலின் சத்தம். கனிமொழி கேமராவைக் கைப்பிடிச் சுவர்மேல் வைத்துவிட்டு, பழக்கத்தால் லென்ஸின் வாயில் மூடியை அழுத்தினாள். சாய்ந்த வெயில் நேராக உள்ளே இறங்கினால் கேமராவின் சென்சார் கெட்டுவிடும். மூடி, வெயில் மறைக்கும் நீண்ட குழலின் உட்பக்கம் பதிந்துகொண்டது. வெளியிலிருந்து கை வைப்பவருக்கு அது தட்டுப்படாது.

பச்சையப்பன் வந்து நின்றார். நாளைக்கு உடுத்த வேண்டிய காக்கிச் சட்டை கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. அதைத் தொட்டுப் பார்த்து ஈரம் போய்விட்டதை உறுதிசெய்துகொண்டார். கோமளாவும் பின்னாலேயே வந்து துணிகளை உருவத் தொடங்கினாள்.

"இன்னாவோ ரொம்ப தூரத்துல கீறதெல்லாம் கிட்ட வருதுன்னு சொல்லிகினு இருந்தியே," என்றார் மகளிடம். "குடு, பாப்போம்."

மூன்று பேரும் ஒரே சமயத்தில் அசைவற்றுப் போனார்கள். எட்டு மாதங்களில் அவர் எதையும் பார்க்கக் கேட்டதில்லை. தொலைக்காட்சியைக்கூட வானொலி போலக் கேட்டுக்கொண்டிருந்தார். அந்தக் குரலில் அதட்டல் இல்லை, ஆசை இருந்தது. ஊரே வியக்கும் கண்ணாடி ஒன்று வீட்டுக்குள் வந்திருக்கிறது, அதற்குள் தனக்கும் கொஞ்சம் மிச்சமிருக்கலாம் என்கிற ஆசை.

"வெயிட்டா கீதுப்பா," என்றாள் கனிமொழி.

"பஸ் ஸ்டீரிங்க விடவா?" என்று சுவர்மேல் துழாவி கேமராவை அவரே எடுத்துக்கொண்டார். தூக்கி, ஒரு கண்ணை மூடி, மறு கண்ணில் வைத்தார். ஸ்டேஷன் எந்தத் திசை என்பது உடம்புக்குத் தெரிந்திருந்ததால் லென்ஸ் சரியாக அந்தப் பக்கம் திரும்பியது.

மூடி எடுக்கப்படவில்லை.

கனிமொழிக்கு அது உடனே நினைவுக்கு வந்தது. ஆசிக் தன் கைபேசித் திரையில் அதைப் பார்த்தான். குழலின் அடியில் ஒரு கறுப்பு வட்டம். துணிக்கொடியருகே நின்றிருந்த கோமளா நிமிர்ந்தபோது அந்த வட்டம் அவளை நோக்கித்தான் இருந்தது.

பச்சையப்பன் வளையத்தைத் திருப்பினார். ஒரு திருப்பு, பிறகு இன்னொன்று. லென்ஸ் நானூறு வரை நீண்டு நின்றது. அவருக்கு முன்னால் இருந்தது முழு இருட்டு. இதுவரை புகையாக இருந்தது இப்போது சுவராகிவிட்டது என்றுதான் அவர் நினைத்திருக்க வேண்டும்.

"தெரியுது," என்றார். அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து கேட்டே நாளாகியிருந்தது. "நல்லா தெரியுது. மூணு பாசையிலயும் எழுதிக்கீது. நெமிலிச்சேரி."

"கீழ ஒரு பொம்பள நிக்குது. பச்சப் பொடவ. கொயந்தைய இடுப்புல வச்சிகினு கீது." சற்று நிறுத்தி, கேட்காமலேயே மேலும் கொடுத்தார்: "கொயந்த பிஸ்கோத்து துன்னுது."

மூடி போட்டிருக்கிறது என்று சொன்னால், பச்சைப் புடவையும் குழந்தையும் பிஸ்கட்டும் அந்த நொடியே பொய்யாகும்; மகள் முன்னால், மகளின் நண்பன் முன்னால், பதிவாகிக்கொண்டிருக்கும் கைபேசி முன்னால் அவர் பிடிபடுவார். சொல்லாவிட்டால், தன் கண் இந்த மாலையில் முற்றிலும் அணைந்துவிட்டது என்று நம்பியபடியே அவர் படியிறங்குவார். அப்படி நம்பிக்கொண்டே காலையில் ஐந்தரைக்கு வண்டியில் ஏறுவார். இரண்டில் எதையும் செய்ய கனிமொழியால் ஆகவில்லை. ஜனவரியில் அந்த அட்டையைப் பெரிதாக்கிக் கொடுத்த விரல்கள் துப்பட்டா நுனியைச் சுருட்டிக்கொண்டிருந்தன.

"கலரெல்லாம் நல்லா வருதாப்பா?" என்று கேட்டாள். கேட்ட பிறகு தன்மேலேயே அருவருப்பு வந்தது.

"கலரு சூப்பரு." கேமராவைக் கண்ணிலிருந்து எடுக்க அவர் அவசரப்படவில்லை. எடுத்தால் என்ன மிஞ்சியிருக்கும் என்ற அச்சமாக இருக்கலாம். கடைசியில் மெல்லத் தாழ்த்தினார். இமைகளை இறுக மூடித் திறந்தார். முகத்தை ஒருபுறம் சாய்த்தார். ஓரத்தில் ஏதோ ஒளி திரும்பி வந்திருக்க வேண்டும். தோள்கள் தளர்ந்தன. லென்ஸின் நுனி சுவரில் இரண்டு முறை தட்டியது.

ஆசிக் பதிவை நிறுத்தினான். "செம அங்கிள்," என்றான், தரையைப் பார்த்துக்கொண்டு.

"நல்ல பொருளு. பத்தரமா வச்சிக்கோ," என்று கேமராவை நீட்டினார். அது கனிமொழி நின்ற இடத்திலிருந்து ஒரு முழம் தள்ளி நீண்டது. அவள் நகர்ந்து வந்து வாங்கிக்கொண்டாள். எல்லோரும் எப்போதும் அப்படித்தான் நகர்ந்துகொண்டார்கள். "சரி, நான் கீய போறேன். காலைல மொத ட்ரிப்பு. புதுப் பையன், அவனுக்கு ரூட்டு வேற சொல்லணும்."

காக்கிச் சட்டைக்காகக் கொடியில் கை வைத்தார். கை வெறுங்கயிற்றைப் பிடித்தது. சட்டை கோமளாவிடம் இருந்தது.

"சட்ட எங்க?"

"எங்கிட்ட கீது."

"குடு."

அவள் கொடுக்கவில்லை. சட்டையை நான்காக மடித்து அக்குளில் இடுக்கிக்கொண்டாள். பக்கத்து மாடியில் ஒரு பெண் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். கோமளா அவளைப் பார்த்தாள், குரலைத் தணித்துக்கொள்ளவில்லை.

"அந்தக் கேமரால மூடி போட்டுக்கீதுங்க. யாரு வச்சிப் பாத்தாலும் இருட்டுதான். உங்க கண்ணு இல்ல அது. மூடி."

கனிமொழி "ம்மா" என்றாள்.

"நீ சும்மா இரு. நீயும் நானும் சும்மா இருந்தது போதும்." பிறகு அவரிடம், "அந்த அட்ட எய்த்தெல்லாம் நான்தான் சொல்லிக்குடுத்தேன். என் தப்புதான். அம்பது புள்ளைங்க ஏறுது அந்த வண்டில."

"மெதுவா பேசு," என்றார் அவர். "அக்கம்பக்கம் கேக்குது."

"கேக்கட்டும்."

அவள் அவருக்கு நேர் எதிரே, கை நீட்டினால் தொடும் தூரத்தில் வந்து நின்றாள். வெயில் அவள் முகத்தில் முழுதாக விழுந்தது. அவர் வழக்கம்போல முகத்தை ஒருபுறம் திருப்பப் போனார். அவள் தாடையைப் பிடித்து நேராக்கினாள்.

"திரும்பாதீங்க. நேரா பாருங்க. பாத்து சொல்லுங்க. என் மூஞ்சி தெரியுதா?"